இடது காலுக்குப் பின்னால் கிடந்த துண்டு

பிள்ளைகளே,

மாமா ஏன் இப்போது எங்கள் வீட்டுக்கு வருவதில்லை என்று இரண்டு பேருமாக மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். முதல் தடவை "அவருக்கு வேலை கூட" என்றேன். இரண்டாம் தடவை "தெரியாது" என்றேன். மூன்றாம் தடவை அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றதால், எழும்பிப் போய்க் குப்பைப் பையைக் கட்டினேன்.

அந்த மாமாவில் ஒரு பிழையும் இல்லை. பிழை என்னில்தான். வாயால் சொல்ல வெளிக்கிட்டால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை முழுதாக முடிக்காமல் வந்தவன் நான், பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வாசிக்கக் கஷ்டமான இடத்தில் அம்மாவைக் கேளுங்கள். அம்மாவுக்கும் இது இன்னும் தெரியாது. உங்களோடு சேர்ந்து அவவும் அறியட்டும்.

சூரிச்சுக்கு வந்த புதிதில் நான் உணவகக் குசினிகளில் கோப்பை கழுவினேன். பிறகு ஒரு துப்புரவுக் கொம்பனி. அந்தக் கொம்பனிதான் என்னை இந்த மியூசியத்துக்கு அனுப்பியது. ஒன்றரை வருடத்தில் மியூசியமே என்னைத் தன் ஆளாக எடுத்துக்கொண்டது. இப்போது பதினொரு வருடமாகிறது. ஓர்லிகோனில் டிராம் ஏறினால் காலை ஆறரைக்கு உள்ளே நிற்பேன். பத்து மணிக்குச் சனத்துக்குக் கதவு திறப்பார்கள். அதற்குள் இரண்டாம் மாடி முழுவதும் என் பொறுப்பு.

கண்ணாடி துடைப்பது லேசான வேலை என்று நினைப்பீர்கள். மருந்தை நேரே கண்ணாடியில் அடிக்கக் கூடாது. துணியில் அடித்துத்தான் துடைக்க வேண்டும். இடுக்கு வழியாக ஒரு துளி உள்ளே போனாலும் பொருளுக்குக் கேடு. பெரிய ஆட்களின் கை அடையாளம் நெஞ்சளவில் இருக்கும். சின்னப்பிள்ளைகளுடையது கீழே, பக்கத்தில் மூக்கு அடையாளமும் சேர்ந்திருக்கும். ஒரு பெட்டியின் முன் எத்தனை பேர் நின்றார்கள், எவ்வளவு கிட்டப் போனார்கள் என்று காலையில் அந்தக் கண்ணாடியைப் பார்த்தே நான் சொல்லிவிடுவேன்.

அந்த மாடியில் அதிகம் மூக்கு அடையாளம் விழுவது சீனப் போர்வீரன் நிற்கிற பெட்டியில்தான். உங்களுக்கு அவனைத் தெரியும். முழங்கால் உயரம். சாம்பல் நிறம். கவசத்தின் மடிப்புகளில் மட்டும் கொஞ்சம் சிவப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வலது கை பொத்திப் பிடித்தபடி இருக்கும், ஆனால் கைக்குள் ஒன்றும் இல்லை. அவன் பிடித்திருந்த மரச்சாமான் இரண்டாயிரம் வருடத்தில் உக்கிப் போய்விட்டதாம். வாய் சாடையாகத் திறந்திருக்கும். நாலு பக்கமும் கண்ணாடி போட்டு, பின்னால் ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய இடைவெளி விட்டு, சுவருக்குக் கிட்ட அவனை நிறுத்தியிருக்கிறார்கள்.

பெட்டியின் கீழே ஒரு சின்னப் பலகை. "கிரீகர், சீனா" என்று மேலே. அடுத்த வரியில் "டோன், பெமால்ட்". கிரீகர் என்றால் போர்வீரன் என்று எனக்குத் தெரியும். டோன் என்ற சொல்லும் தெரியும் என்றுதான் நினைத்தேன். எங்கள் டிவியின் ரிமோட்டில் சத்தத்தை நிறுத்துகிற இடத்தில் அந்தச் சொல்தானே இருக்கிறது. கைத்தொலைபேசி அடிக்கிற சத்தமும் கிளிங்கெல்டோன். ஆகவே டோன் என்றால் சத்தம். பெமால்ட்தான் இடித்தது. ஐன்மால் என்றால் ஒரு முறை, ட்ஸ்வைமால் என்றால் இரு முறை, அப்படியென்றால் பெமால்ட் பல முறையாக இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். சத்தம், பல முறை. வாயும் திறந்திருக்கிறது. படைக்கு முன்னால் நின்று திரும்பத் திரும்பக் கூவுகிறவன் இவன் என்று எனக்கு நன்றாக விளங்கிவிட்டது. யாரையும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

நீங்கள் சின்னவர்களாக இருந்தபோது, வேலையாட்களின் குடும்பங்களை உள்ளே விடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களைக் கூட்டிக்கொண்டு போவேன். "இவர்தான் சத்தம் போடுற வீரன். எதிரி வாறான் எண்டா முதல் கூப்பிடுறது இவர்தான்" என்பேன். மகள், நீ காதைக் கண்ணாடியில் வைத்து "அப்பா, கேக்குது" என்பாய். தம்பி உன்னைத் தள்ளிவிட்டுத் தானும் காதை வைப்பான். பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இருக்கவில்லை. கணக்குக்கூட இங்கே வேறு மாதிரிப் போடுகிறார்கள். அந்த ஒரு மாடியில், அந்த ஒரு பெட்டிக்கு முன்னால்தான் நீங்கள் என்னை அண்ணாந்து பார்த்தீர்கள்.

மாமா வந்தது அதற்குப் பிறகு. இங்கேயே பிறந்த பெடியன், தாய்தகப்பன் எங்கள் ஊர்ப்பக்கம். மரவேலை படித்து முடித்து, மியூசியத்தில் பொருள்களைத் தூக்கி வைக்கவும் பெட்டிகளைத் திறந்து மூடவும் பொறுப்பான வேலைக்கு வந்தான். முதல் நாளே மின்தூக்கியில் என் துணிவண்டியைப் பார்த்துவிட்டு, "அண்ணை தமிழோ?" என்றான்.

"ஓம். எப்பிடிக் கண்டுபிடிச்சனீர்?"

"வண்டிக்குள்ள மிக்சர் டப்பா கிடக்குது அண்ணை. வேற ஆர் கொண்டருவினம்?"

எனக்கு அவனைப் பிடித்துக்கொண்டது. நான்தான் அவனை முதன்முதல் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். இதை மறந்துவிடாதீர்கள், அவனாக வந்து புகுந்தவன் இல்லை. அம்மா இடியப்பமும் சொதியும் வைத்தா. எங்கள் தம்பியின் கழன்ற சைக்கிள் சங்கிலியைப் பூட்டிக் கொடுத்தான். மகள், உனக்கு ஜெர்மன் கட்டுரையில் எது ஆண்பால், எது பெண்பால் என்று திருத்திக் கொடுத்தான். பிறகு ஒன்றுவிட்ட ஞாயிற்றுக்கிழமை எல்லாம் மாமா வருகிற நாளாகிவிட்டது.

அடுத்த குடும்ப நாளில்தான் அது நடந்தது. மகளுக்கு ஒன்பது வயது. போர்வீரனின் பெட்டியைச் சுற்றி வேலையாட்களின் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நீ நடுவில் நின்று, சுவிஸ் ஜெர்மனில், இவர்தான் கூப்பிடுகிறவர், பலகையிலேயே எழுதியிருக்கிறது, காதை வைத்தால் கேட்கும் என்று விளக்கம் கொடுத்தாய். ஒரு பெடியன் காதை வைத்தான். ஒன்றும் கேட்கவில்லை என்றான். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

மாமா என் பக்கத்தில் நின்றான். அவன் சாடையாகச் சிரித்தது கேலிக்கு இல்லை, மற்றவர்களுக்கு விளங்கக் கூடாது என்று தமிழில்தான் சொன்னான். இப்போது நினைத்துப் பார்த்தால் அது தெரிகிறது.

"அண்ணை, இதில டோன் எண்டா களிமண். சத்தமில்லை. பெமால்ட் எண்டா நிறம் பூசினது."

உனக்குத் தமிழ் விளங்குமே. உன் முகம் சிவந்துபோனது. "அப்பா!" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். மாமா உடனே குனிந்து, அந்தப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய பாஷையில் என்னவோ சொன்னான். களிமண் சுட்டால் தட்டும்போது சத்தம் வரும், உடைசல் உள்ள மண்ணும் நல்ல மண்ணும் வேறு வேறு விதமாகச் சத்தம் போடும், ஆகவே இவள் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்று சொன்னானாம். நீதான் பிறகு அம்மாவுக்குச் சொன்னாய். உன்னைக் காப்பாற்றிவிட்டான். நான் செய்திருக்க வேண்டியதை அவன் செய்தான். பிறகு ஒரு பழைய உடைந்த சட்டியைக் கொண்டுவந்து, உங்கள் இருவருக்கும் நீலக் கையுறை போட்டுவிட்டு, ஒரு கை அடியிலும் மற்றக் கை முதுகிலும் வைத்து எப்படித் தூக்குவதென்று காட்டினான்.

டிராமில் திரும்பி வரும்போது நீங்கள் இரண்டு பேரும் அவனைப் பற்றியே கதைத்தீர்கள். தம்பி தன் தண்ணீர்ப் போத்தலை ஒரு கையை அடியில் கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். கையுறைகளைக் கழற்றவே இல்லை.

"கழட்டுங்கோ, வேர்க்கப் போகுது" என்றேன்.

"மாமா நாள் முழுக்கப் போடுறவராம்" என்றாய் நீ.

"மாமாவுக்கு அது வேலை."

"உங்களுக்கும் கையுறை தருவினமோ அப்பா?"

"எனக்கு மஞ்சள்" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு எனக்குள் ஏதோ ஒன்று பற்றிக்கொண்டது.

அதை எப்படிச் சொல்வது? நான் பதினொரு வருடம் கண்ணாடிக்கு வெளியே நின்றவன். போர்வீரனை ஒரு நாளும் தொட்டதில்லை. தொட வேண்டும் என்று நினைத்ததும் இல்லை, இந்தப் பெடியன் வரும் வரைக்கும். அவன் திறப்பைப் போட்டுக் கண்ணாடியை நகர்த்தினால் போர்வீரன் வெறும் காற்றில் நிற்பான். ஒரு தடவை மாமா போர்வீரனைத் தூக்கிக் கொண்டுபோவதைப் பார்த்தேன். நெஞ்சோடு சேர்த்து, வீரனின் நாடி தன் தோளில் படுகிற மாதிரி, நித்திரையான பிள்ளையைத் தூக்குவதுபோல. நான் வாசலில் துணியோடு நின்றேன். "அண்ணை, கொஞ்சம் விலகுங்கோ" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். நான் விலகி, ஏற்கெனவே துடைத்த கதவுப் பிடியைத் திரும்பத் துடைத்தேன்.

அதற்குப் பிறகு அவன் எதைச் செய்தாலும் எனக்குக் குத்தியது. அம்மா "நல்ல பெடியன், சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவுறான்" என்றால், இவ்வளவு வருடம் ஊர்க் கோப்பையெல்லாம் கழுவினவன் நான் இருக்க, அவன் ஒரு கோப்பை கழுவினது பெரிய காரியமோ என்று தோன்றும். நீங்கள் கதவு மணி அடித்ததும் ஓடிப்போவீர்கள். நான் வேலையால் வரும்போது திறப்புப் போட்டுத்தான் உள்ளே வருகிறேன், மணி அடிப்பதில்லை. ஒரு நாள் சோதித்துப் பார்க்க மணி அடித்தேன். தம்பி ஓடிவந்து திறந்தான். "ஓ, நீங்களோ" என்றுவிட்டுப் போனான். இதை உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. எவ்வளவு சின்ன விஷயத்தையெல்லாம் நான் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தேன் என்று காட்டத்தான் எழுதுகிறேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

மியூசியத்தில் பழைய பொருள்களைப் பழுதுபார்க்கும் ஒரு அம்மையார் இருக்கிறா. மேற்சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மூன்று பிரஷ் குத்தியிருக்கும். நான் வீட்டில் "பிரஷ் அம்மா" என்று சொல்வேனே, அவதான். ஒரு திங்கட்கிழமை, மியூசியம் பூட்டின நாளில், போர்வீரனின் பெட்டிக்குள் விளக்கை மாற்றினார்கள். அவவும் மாமாவும் பெட்டியைத் திறந்து, அவனை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, விளக்குப் பூட்டி, பிறகு திரும்ப நிறுத்தினார்கள். பெட்டியைப் பூட்ட முன்னர், புது விளக்கின் வெளிச்சத்தில், அவனுடைய இடது காலுக்குப் பின்னால் விரிப்பின் மேல் ஒரு துண்டு கிடப்பதை அவ கண்டா. மைசூர்ப் பருப்பு அளவு. ஒரு பக்கம் சாம்பல், மறுபக்கம் சிவப்பு.

துண்டை எடுத்து ஒரு சின்ன டப்பாவில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். ஏன் என்னை என்று விளங்க வேண்டும். இந்தப் பெட்டியைப் படம் எடுத்தவர்கள் எல்லாரும் முன்னாலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். சனமும் முன்னாலும் பக்கத்திலும் நின்றுதான் பார்க்கும். பின்பக்கக் கண்ணாடியில் குனிந்து கீழ்மூலை வரை துடைக்கிற ஆள் உலகத்திலேயே ஒருவன்தான். அந்தத் துண்டு முன்னமே அங்கே கிடந்ததா, இல்லை இன்றைக்கு விழுந்ததா என்று சொல்லக்கூடியவனும் அவன் ஒருவன்தான்.

அந்தத் துண்டு எனக்குப் புதிது இல்லை. குறைந்தது மூன்று வருடமாக அதைத் தெரியும். முதலில் ஏதோ பூச்சி என்று நினைத்தேன். பிறகு தினமும் துடைக்கும்போது அது கிடக்கிறதா என்று பார்ப்பேன். விரிப்பும் சாம்பல் நிறம் என்பதால் நேரே பார்த்தால் தெரியாது, குனிந்து சரித்துப் பார்க்க வேண்டும். மாமா முன்னம் ஒரு தடவை அவனைத் தூக்கினபோதும் அது ஒருவர் கண்ணிலும் படவில்லை. பொருள்களைப் பற்றி நாங்கள் வாய் திறக்கிற வழக்கம் இல்லாததால் நான் யாரிடமும் சொல்லவில்லை.

பிரஷ் அம்மா ஜெர்மனில், ஆறுதலாக, எனக்கு விளங்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டா. "இது முன்னமே இங்கே இருந்ததா? நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

பதினொரு வருடத்தில் அந்த மாடியில் என்னிடம் யாராவது ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. தண்ணீர் எங்கே சிந்தியிருக்கிறது, கடதாசி எங்கே முடிந்திருக்கிறது என்று கேட்பார்கள். பொருளைப் பற்றி யாரும் கேட்டதில்லை. மாமா மேசைக்கு அந்தப் பக்கம் நீலக் கையுறையோடு நின்றான். முகம் வெளிறிப்போயிருந்தது. நான் அவனுடைய கையைப் பார்த்தேன்.

"இல்லை" என்றேன். "ஒரு நாளும் பார்க்கவில்லை."

யோசித்துச் சொல்லவில்லை என்று எழுதலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் அது பொய். ஒரு மூச்சு விடுகிற நேரம் எனக்கு இருந்தது. அந்த நேரத்துக்குள் நான் யோசித்துத்தான் சொன்னேன்.

பின்னேரம் உடுப்பு மாற்றுகிற அறையில் அவன் வந்து என் பக்கத்து மர வாங்கில் குந்தினான்.

"அண்ணை, பின்பக்கக் கண்ணாடி நீங்கள்தானே துடைக்கிறனீங்கள்?"

"ஓம்."

"வடிவாப் பாத்தனீங்களோ? ஒரு நாளும் காணேல்லையோ?"

"இல்லையடா தம்பி. கிடந்தா நான் கண்டிருப்பன்."

என்னோடு சண்டை பிடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் தலையை ஆட்டினான். "நீங்கள் காணேல்லை எண்டா அது கிடக்கேல்லைத்தான். அப்ப நான்தான் உடைச்சிருக்கிறன். வைக்கேக்க ஒண்டும் தட்டின மாதிரித் தெரியேல்லை அண்ணை. ஆனா உடைச்சிருக்கிறன்."

அவன் என்னை நம்பினான். தன்னுடைய கையைவிட என்னுடைய கண்ணை நம்பினான். தானே உடைத்ததாக எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். கொஞ்ச நாளைக்குப் பொருள் ஒன்றையும் தொட வேண்டாம் என்று அவனைக் கீழே நிலவறைக்கு, வெறும் மரப்பெட்டிகள் அடுக்குகிற வேலைக்கு அனுப்பினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வந்ததும், மேசையில் இருந்து உங்களுக்கு அதைச் சொன்னதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "மாமா போர்வீரனை உடைச்சுப்போட்டன்" என்றான். தம்பிக்கு அழுகை வந்துவிட்டது. மகள், நீ அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்லை மாமா, அது ஏற்கெனவே பழசு" என்றாய். அம்மா அவனுடைய கோப்பையில் இன்னொரு துண்டு மீன் வைத்தா.

"அப்பா, நீங்கள் சொல்லுங்கோவன், மாமா வேணுமெண்டு செய்யேல்லை எண்டு" என்று என்னிடம் கேட்டாய்.

"வேணுமெண்டு ஆர் செய்வினம்?" என்றேன்.

அப்போதாவது என் மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. உடைத்தவனுக்கும் இவ்வளவு பாசமோ என்றுதான் நினைத்தேன். அவனை மட்டம் தட்ட நான் செய்தது அவனை இன்னும் உங்களோடு ஒட்ட வைத்துவிட்டது. நான் சொன்ன பொய் எனக்கே உதவவில்லை. என்னுடைய மேசையில், என்னுடைய பிள்ளை, அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தது. வெட்கம் வரும் முன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

ஒரு மாதம் போனது. காலையில் நான் அந்தப் பெட்டியைத் துடைத்தேன். பின்பக்கம் குனியும்போது கண் தானாக இடது காலுக்குப் பின்னால் போகும். துண்டை அவர்கள் எடுத்துவிட்டார்கள். வெறும் விரிப்புக் கிடக்கும். ஒரு நாள் பின்பக்கத்தைத் துடைக்காமலே விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு பின்னேரம் வேலை முடிந்து டிராமுக்கு நிற்கும்போது மாமாவும் வந்து நின்றான். கையில் காயம், மரப்பெட்டி கிழித்தது.

"அண்ணை, நான் விடப்போறன்" என்றான்.

"எதை?"

"இந்த வேலையை. திரும்பத் தளபாடக் கடைக்கே போறன். அங்கை உடைஞ்சா வேற பலகை எடுக்கலாம்."

"விசரே உமக்கு? ஒரு சின்னத் துண்டுக்கு?"

"துண்டு சின்னன்தான். ஆனா எனக்கு அது விழுந்தது தெரியேல்லையே அண்ணை. அதுதான் பயமாக்கிடக்கு. கை சொல்லோணும். என்ர கை ஒண்டும் சொல்லேல்லை. அப்பிடி ஒரு கையை வைச்சுக்கொண்டு எப்பிடி அடுத்ததைத் தூக்குறது?"

அவன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் போக வேண்டிய டிராம் வந்தது. நான் ஏறவில்லை.

"அது முன்னமே கிடந்தது" என்றேன்.

"எது?"

"அந்தத் துண்டு. நீர் உடைக்கேல்லை. அது கிடந்தது."

அவன் சிரிக்கப் பார்த்தான். நான் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டான். "சும்மா இருங்கோ அண்ணை."

"மூண்டு வருசமாப் பாத்தனான். சிவப்புப் பக்கம் சுவர்ப் பக்கம் பாத்துக் கிடந்தது."

சிவப்புப் பக்கம் எந்தத் திசையில் கிடந்தது என்பது, அதைக் கண்டெடுத்தவர்களுக்கும் எனக்கும் தவிர வேறு ஒருவருக்கும் தெரிய வழியில்லை. அவனுடைய சிரிப்பு நின்றது.

"அப்ப ஏன் இல்லையெண்டனீங்கள்?"

நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் உங்களிட்டைக் கேட்டனான் அண்ணை. ரெண்டு தரம் கேட்டனான்."

"ஓம்."

"உங்கட வீட்டை வந்து பிள்ளையளுக்குச் சொன்னனான், நான் உடைச்சுப்போட்டன் எண்டு. நீங்கள் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தனீங்கள்."

"ஓம்."

அவனுடைய டிராம் வந்தது. ஏறுகிற படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினான். "என்னட்டைச் சொல்லி என்ன? அவையள் என்னட்டையோ கேட்டவை? உங்களிட்டையெல்லோ கேட்டவை. அவையிட்டைச் சொல்லுங்கோ." கதவு மூடிக்கொண்டது. அன்றைக்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வேலையை இன்னும் விடவில்லை, மியூசியத்தில் கண்டால் "வணக்கம்" என்கிறான். அண்ணை என்று சொல்வதில்லை.

அடுத்த நாள் பிரஷ் அம்மாவின் அறைக்குப் போனேன். அவ விடுமுறையில், அடுத்த மாதம்தான் வருவாவாம், இன்னும் வரவில்லை. அவ்வளவு நாள் பொறுத்தால் எனக்கு மனம் மாறிவிடும். என்னை எனக்குத் தெரியும். எங்கள் மேற்பார்வையாளரிடம் கேட்டேன், அவவுக்கு ஒன்று சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது என்று. "எழுதி அவவின் கடிதப்பெட்டிக்குள் போடு" என்றார்.

ஜெர்மனில் எனக்கு எழுத வேண்டிய எல்லாவற்றையும் நீங்கள்தான் எழுதித் தருவீர்கள். வீட்டுக்காரருக்குக் கடிதம், வைத்தியருக்குச் செய்தி, எல்லாம் மகள்தான். அன்றைக்கு உங்களிடம் கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்று கேட்பீர்கள். விளக்குமாறும் வாளிகளும் வைக்கிற அறையில் கதவைச் சாத்திவிட்டு, ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் இருந்து, வேலை அட்டவணையின் பின்பக்கத்தில் பெரிய எழுத்துகளில் எழுதினேன். துண்டு மூன்று வருடமாக அங்கே கிடந்தது. நான் ஒவ்வொரு நாளும் பார்த்தேன். நீங்கள் கேட்டபோது நான் பொய் சொன்னேன். அவன் உடைக்கவில்லை. நாலு வரிதான், முக்கால் மணித்தியாலம் பிடித்தது.

ஏன் பொய் சொன்னேன் என்றும் எழுத வேண்டும்போல் இருந்தது. தமிழில் பொறாமை என்று ஒரு சொல் போதும். ஜெர்மனில் இரண்டு இருக்கிறது என்று ஒரு தடவை மகள் எனக்குப் படிப்பித்திருக்கிறாள். மற்றவனுடைய சாமான் தனக்கு வேண்டும் என்று எரிந்தால் "நைடிஷ்". தன்னுடைய ஆளை மற்றவன் கொண்டுபோய்விடுவான் என்று எரிந்தால் "ஐஃபர்சூக்டிக்". நான் முதலில் நைடிஷ் என்று எழுதினேன். அந்த நீலக் கையுறை எனக்கு வேண்டும் என்பதற்காகவா அப்படிச் சொன்னேன் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு அதை வெட்டிவிட்டு மற்றச் சொல்லை எழுதினேன். எழுத்துக்கூட்டுப் பிழையாகத்தான் இருக்கும். வாசிக்கிறவவுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று விளங்காமலும் போகலாம். கீழே என் பெயரை முழுதாக எழுதினேன்.

அவவின் கடிதப்பெட்டி முதலாம் மாடி நடைவழியில், சுவரோடு இருக்கிறது. நடைவழியில் ஒருவரும் இல்லை. கடதாசியை நாலாக மடித்திருந்தேன், தடித்துப்போய்விட்டது. பெட்டியின் வாய்க்குள் பாதிதான் போனது, மிச்சம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அப்படியே இழுத்து எடுத்திருக்கலாம். நான் பெருவிரலை வைத்து அது உள்ளே விழுந்து அடியில் தட்டுகிற வரைக்கும் தள்ளினேன்.